மூட்டு மாற்றிய கால்: நேரும் உறுதியும் எதனால் அமைகிறது, எதனால் கெடுகிறது

முழங்கால் மூட்டு மாற்றிக் கட்டுப் பிரித்ததும் வீட்டார் முதலில் பார்ப்பது, ஆச்சியின் கால் நேராகிவிட்டதா என்பதைத்தான். பத்து வருடமாக வில்லாக வளைந்திருந்த கால் கட்டிலில் நீட்டி நேராகக் கிடப்பதைக் கண்டால் பாதிக் கவலை தீர்ந்துவிடும். ஆனால் நேர் வேறு, உறுதி வேறு. எக்ஸ்ரே படத்தில் கச்சிதமாகத் தெரிகிற கால் படியிறங்கும்போது ஆடக்கூடும். இரண்டு டிகிரி வளைவு மிச்சமுள்ள கால் இருபது வருடம் அசையாமல் நிற்கவும் கூடும்.

தேய்ந்த எலும்பு முனைகளை வெட்டி, மேலும் கீழும் செயற்கைப் பாகங்களையும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தட்டையும் பொருத்துவதுதான் இந்த அறுவை. எலும்பை வெட்டியதில் வந்த கோணலை எந்தப் பயிற்சியும் சரிசெய்யாது. அதேபோல, அருமையாகப் பொருத்திய மூட்டையும் முழங்காலுக்கடியில் வைக்கும் ஒரு தலையணையும், ஈரமான ஆத்தங்குடித் தரைக்கல்லும் கெடுத்துவிடும். எது அறுவை அரங்கில் முடிவாகிறது, எது நம் வீட்டில் முடிவாகிறது என்று பிரித்துத் தெரிந்துகொண்டால், மருத்துவரிடம் எதைக் கேட்பது, நாம் எதைச் செய்வது என்பதில் குழப்பம் வராது.

நூல் பிடித்துப் பார்ப்பது

கொத்தனார் சுவருக்கு நூல் பிடிப்பதுபோல, இடுப்பு மூட்டின் பந்து நடுவிலிருந்து கணுக்காலின் நடுவுக்கு ஒரு நூல் பிடித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த நூல் முழங்காலின் நடுவில் போக வேண்டும். வில்போல் வளைந்த காலில் அது உள்பக்கமாகப் போகும். உடல் பாரம் முழுக்க உள்பக்கத்தில் இறங்கி அந்தப் பக்கத்துக் குருத்தெலும்பு தேயும், தேயத் தேய வளைவு கூடும். முட்டியோடு முட்டி இடிக்கும் காலில் இதற்கு நேர்மாறு. நடக்கும்போது முழங்காலில் இறங்கும் பாரம் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு என்பதால், நூல் சற்றே விலகினாலும் ஒரு பக்கத்துக்குச் சுமை ஏறிவிடுகிறது.

180 டிகிரி என்பது முழு நேர். அதிலிருந்து இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ 3 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது நெடுநாளாகப் பின்பற்றப்படும் கணக்கு. அண்மைக் காலத்தில், நோயாளிக்குப் பிறவியிலேயே இருந்த சிறு வளைவை அப்படியே விட்டுப் பொருத்தும் முறையையும் பல மருத்துவர்கள் கையாள்கிறார்கள். இரண்டுக்கும் நியாயம் உண்டு. உங்கள் மருத்துவர் எந்த முறையில் செய்யப்போகிறார், உங்கள் காலுக்கு அது ஏன் பொருந்தும் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

இந்த நூலைப் பிடிக்க முழங்காலை மட்டும் எடுத்த எக்ஸ்ரே போதாது. இடுப்பு முதல் கணுக்கால் வரை, இரண்டு காலிலும் பாரம் ஊன்றி நின்றபடி எடுத்த முழுக்கால் படம் வேண்டும். எல்லா ஸ்கேன் சென்டரிலும் இந்த வசதி இருக்காது. காரைக்குடியிலோ மதுரையிலோ எடுப்பதானால், ‘ஃபுல் லெங்த் ஸ்டாண்டிங் எக்ஸ்ரே எடுப்பீர்களா’ என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. படம் எடுக்கும்போது பாதம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது முக்கியமில்லை, முட்டிச்சில்லு நேர் முன்னே பார்க்க வேண்டும். முழுதும் நீட்ட முடியாத முழங்காலை வெளிப்பக்கம் திருப்பி வைத்து எடுத்தால், இல்லாத வளைவு படத்தில் தெரியும். அந்தப் படத்தை வைத்துக் கணக்குப் போட்டால் வெட்டும் பிசகும்.

தொடை எலும்பின் தண்டு அந்த நூலோடு ஒட்டிப் போவதில்லை. 5 முதல் 7 டிகிரி விலகித்தான் இறங்குகிறது. அறுவையில் எலும்புக்குள் ஒரு கம்பியைச் செலுத்தி, அதிலிருந்து இத்தனை டிகிரி என்று வைத்து வெட்டுவது வழக்கம். நம் ஊர் மூதாட்டிகள் சிலருக்குத் தொடை எலும்பே வெளிப்பக்கமாக வளைந்திருக்கும். அவர்களுக்கும் வழக்கமான 5 டிகிரியை வைத்தால், நூல் முழங்காலின் நடுவில் விழாது. ஒவ்வொருவருக்கும் முழுக்கால் படத்தில் அளந்தே அந்த எண்ணை வைக்க வேண்டும். கணினி வழிகாட்டியும் ரோபோவும் இந்த இடத்தில்தான் உதவுகின்றன: வெட்டின் கோணத்தில் பெரிய பிசகு வருவது குறைகிறது. ஆனால் எலும்புகளைப் பிணைக்கும் இணைப்புநார்களின் (லிகமென்ட்) இறுக்கத்தில் எது போதும் என்று முடிவெடுப்பது இப்போதும் மருத்துவரின் கைதான். ரோபோ இல்லாத ஆஸ்பத்திரி என்பதற்காக, இந்த அறுவையை நிறையச் செய்து பழகிய மருத்துவரை விட்டுவிட வேண்டாம்.

சுழற்சி: முழங்கால் எக்ஸ்ரேயில் பிடிபடாத கோணல்

முன்னிருந்து பார்க்கும் நேர் ஒன்று. பம்பரம்போல் திரும்பும் சுழற்சி இன்னொன்று. இதைப் பற்றி வீட்டாருக்குப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

கீழ்க்கால் எலும்பின் மேற்பரப்பு இயற்கையாகவே ஏறக்குறைய 3 டிகிரி உள்பக்கம் சாய்ந்தது. வழக்கமான முறையில் அதைச் சாய்வில்லாமல் மட்டமாக வெட்டுகிறார்கள். அதனால் காலை மடக்கும்போது இடைவெளி ஒருபக்கம் அகன்று ஒருபக்கம் குறுகிவிடும். அதை ஈடுகட்டத்தான் தொடை எலும்பில் பொருத்தும் உலோகத்தை, அந்த எலும்பு முனையின் பின்பக்கம் உருண்டிருக்கும் இரண்டு குமிழ்களைக் கணக்கில் வைத்து 3 டிகிரி வெளிப்பக்கம் திருப்பி வைக்கிறார்கள். முட்டி இடிக்கும் காலில் வெளிப்பக்கத்துக் குமிழ் தேய்ந்துபோயிருக்கும். தேய்ந்த குமிழை அளவுகோலாக வைத்து 3 டிகிரி திருப்பினால், உண்மையில் உலோகம் உள்பக்கம் திரும்பி உட்கார்ந்துவிடும். எலும்பின் இருபக்கப் புடைப்புகளையும் நடுப்பள்ளத்தையும் சேர்த்துப் பார்க்கிற மருத்துவர் இந்தத் தவறைத் தவிர்த்துவிடுவார்.

கீழ்க்கால் எலும்பின் மேல் வைக்கும் கீழ்த்தட்டுக்கும் ஒரு திசை உண்டு. முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் கையில் தட்டுப்படும் எலும்புப் புடைப்பின் உள்பக்க மூன்றில் ஒரு பாகத்தை அது நோக்க வேண்டும். மேலே உள்ள உலோகமோ இந்தக் கீழ்த்தட்டோ உள்பக்கம் திரும்பிவிட்டால் முட்டிச்சில்லு வெளிப்பக்கம் இழுபடும். முன்முட்டியில் தீராத வலி, உட்கார்ந்து எழும்போது சில்லு நழுவுவதுபோன்ற உணர்வு எல்லாம் அதனால் வருபவை. சாதாரண எக்ஸ்ரே எல்லாம் சரி என்று காட்டும். சிடி ஸ்கேனில் கோணம் அளந்தால்தான் தெரியும்.

இரண்டு இடைவெளிகள்

மழைக்காலத்தில் ஊதிப்போன தேக்குக் கதவு நிலையைப் பிடிக்கும், கோடையில் அதே கதவு ஆடும். முழங்காலிலும் இரண்டு நிலைகள் உண்டு: நீட்டியபோது உள்ள இடைவெளி, 90 டிகிரி மடக்கியபோது உள்ள இடைவெளி. இரண்டும் ஒரே அளவுள்ள செவ்வகமாக வந்தால், நடுவில் வைக்கும் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் தட்டு (இனி வெறுமனே ‘தட்டு’ என்றால் இதுதான்) இரண்டு நிலையிலும் பிடித்து நிற்கும். அறுவையின்போது கட்டைகளைச் செருகி மருத்துவர் இதைத்தான் சோதிக்கிறார்.

இரண்டிலும் இறுக்கமென்றால் தட்டின் கனத்தைக் குறைக்கலாம், அல்லது கீழ்க்கால் எலும்பை இன்னும் கொஞ்சம் வெட்டலாம். நீட்டும்போது மட்டும் இறுக்கமென்றால் முழங்காலின் பின்பக்கம் வளர்ந்த எலும்பு முட்களை எடுத்து, பின்சவ்வைத் தளர்த்தி, தேவைப்பட்டால் தொடை எலும்பின் முனையில் இரண்டு மில்லிமீட்டர் கூட வெட்டுவார்கள். நீட்டும்போது சரியாக இருந்து மடக்கும்போது தளர்ந்தால் தொடைப்பகுதிக்கு ஒரு அளவு பெரிய உலோகம் வேண்டியிருக்கும். இந்த மடக்குத் தளர்ச்சியைக் கவனிக்காமல் விடுவதுதான் பின்னாளில் ‘படத்தில் ஒன்றுமில்லை, ஆனால் படியிறங்க முடியவில்லை’ என்ற புகாராக வருகிறது.

கனமான தட்டைப் போட்டு எல்லாத் தளர்ச்சியையும் சமாளித்துவிட முடியாது. தொடை எலும்பில் அதிகம் வெட்டிவிட்டு அதைக் கனமான தட்டால் நிரப்பினால், இரண்டு எலும்பும் சந்திக்கும் மூட்டுக்கோடு மேலே ஏறிவிடும். நீட்டினாலும் சரி, முழுக்க மடக்கினாலும் சரி, கால் உறுதியாக இருக்கும். இடையில், 30 முதல் 60 டிகிரிக்குள் ஆடும். நாற்காலியிலிருந்து எழும் பாதி வழியில் கால் நம்பிக்கையில்லாமல் இருப்பது இதனால்தான்.

வளைந்த காலில் உள்பக்க இணைப்புநார் சுருங்கி இறுகியிருக்கும். முதலில் எலும்பு முட்களை எடுத்தாலே பாதி தளர்ந்துவிடும். அதன்பிறகுதான் நாரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்க வேண்டும். ஒரேயடியாக விடுவித்தால் கால் நேராகும், ஆனால் பக்கவாட்டில் பிடிமானம் போய்விடும். நார் அறுந்தே போனால் தைத்து, சில வாரம் பிரேஸ் போட்டு வைப்பார்கள், அல்லது பக்கவாட்டைத் தானே தாங்கும் அமைப்புள்ள மூட்டை வைப்பார்கள். அப்படி ஏதும் நடந்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதித் தரச் சொல்லுங்கள். பிசியோதெரபிஸ்டுக்கு அது தெரிந்தாக வேண்டும். உலோகத்தின் நிறுவனம், வகை, அளவு, லாட் எண் அச்சிட்ட ஸ்டிக்கர்களையும் கேட்டு வாங்கி பைலில் ஒட்டி வையுங்கள். பதினைந்து வருடம் கழித்துத் தட்டை மட்டும் மாற்ற வேண்டிவந்தால், அந்த ஸ்டிக்கர் இல்லாமல் பொருத்தமான தட்டைத் தேடுவது பெரும்பாடு.

அறுவைக்கு முன்பே சொல்ல வேண்டியவை

முடக்குவாதம், இளமையில் வந்த போலியோ, இடுப்பில் நரம்பு அழுத்தம், பழைய லிகமென்ட் காயம், தட்டைப்பாதம் எல்லாம் மூட்டின் உறுதியைப் பாதிக்கும். போலியோவில் முன்தொடைத் தசை வலுவிழந்திருந்தால் வழக்கமான மூட்டு போதாது. தட்டைப்பாதம் உள்பக்கம் சரிந்திருந்தால், மேலே நேராக்கிய காலின் பாரம் கீழே மறுபடி விலகும். காலணியில் ஆதரவு வைக்க வேண்டியிருக்கும். எலும்பு பொடிந்துபோகும் நோய்க்கு முன்பே மருந்து தொடங்குவது நல்லது, மென்மையான எலும்பில் கீழ்த்தட்டு மெல்ல அமிழ்ந்து சாய்ந்துவிடும்.

சர்க்கரை கட்டுக்குள் வராமல் அறுவைக்குப் போகாதீர்கள். சொத்தைப்பல்லையும் சீழ்பிடித்த பித்தவெடிப்பையும் முதலில் ஆற்றுங்கள். கிருமி புகுந்தால், மூட்டை எலும்போடு ஒட்டவைக்கும் சிமென்ட் பிடிப்பே கழன்றுபோகும், அதன்பின் நேர் உறுதி என்ற பேச்சுக்கே இடமில்லை.

முதல் ஆறு வாரம்

முழங்காலுக்கடியில் தலையணை வைக்கக் கூடாது. வலிக்கு அது இதமாக இருப்பது உண்மை. அந்த இதத்திலேயே கால் மடங்கிய நிலையில் இறுகிவிடும். 10 டிகிரி மடக்கு நிலைத்துவிட்டால், சும்மா நிற்பதற்கே முன்தொடைத் தசை ஓயாமல் உழைக்க வேண்டும். தசை சோரும், கால் நொடிக்கும், அந்தப் பக்கம் குட்டையானதுபோல் நொண்டி நடப்பார்கள். தலையணையைக் குதிகாலுக்கடியில் வையுங்கள். முழங்காலின் பின்பக்கம் கட்டிலைத் தொடாமல் தொங்க, 10 நிமிடம், ஒரு நாளைக்கு நான்கு முறை.

கால் நொடிப்பது முதல் வாரங்களில் பெரும்பாலும் நார்த்தளர்ச்சியால் அல்ல, தசை மறந்துபோவதால். அறுவையான முதல் மாதத்தில் முன்தொடைத் தசையின் வலு பாதிக்கும் கீழே போய்விடுகிறது. நீட்டிய காலின் முட்டியைக் கட்டிலில் அழுத்தி 5 விநாடி பிடித்து விடுவதைப் பத்துப் பத்தாக, விழித்திருக்கும் நேரமெல்லாம் செய்யலாம். பிறகு நீட்டிய காலைத் தூக்குவது, குதிகாலைக் கட்டிலில் இழுத்து மடக்குவது, நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பிடிப்பது. தூக்கும்போது முட்டி தொய்ந்தால், துணையில்லாமல் நடக்கும் நாள் இன்னும் வரவில்லை என்று பொருள்.

இரண்டு வாரத்தில் 90 டிகிரிக்கு நெருங்க மடக்கவும், ஏறக்குறைய முழுக்க நீட்டவும் வர வேண்டும். மூன்று மாதத்துக்குள் 110, 120. ஆறு வாரம் ஆகியும் 90 வராவிட்டால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். மயக்க மருந்து கொடுத்து மடக்கிவிடும் சிகிச்சை ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் செய்தால்தான் நல்ல பலன் தரும். அதை நாட்டு வைத்தியரிடம் எண்ணெய் போட்டு வலிய மடக்கிச் செய்துகொள்ளாதீர்கள். சில்லின் நார் அறுந்தால் காலை நீட்டும் திறனே போய்விடும்.

வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறும்போது தடியை நல்ல காலின் பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு வரை தடி வர வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது மாற்றிய கால் முன்னே.

நம் வீடுகளில்

முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று தெருவுக்குத் தெரு நீளும் செட்டிநாட்டு வீட்டில், கழிப்பறை கடைசியில் இருக்கும். படுக்கையிலிருந்து அங்கே போகும் வழியில் எத்தனை நிலைப்படி, எத்தனை இறக்கம் என்று அறுவைக்கு முன்பே எண்ணிப் பாருங்கள். ஆச்சியின் வழக்கமான அறை எதுவானாலும், ஆறு வாரத்துக்குக் கட்டிலைக் கழிப்பறைக்கு அருகில் மாற்றுங்கள், இல்லையென்றால் அறையிலேயே கமோடு நாற்காலி வையுங்கள்.

உயர்ந்த நிலைப்படியை வாக்கரோடு தாண்டுவது ஆபத்து. சாய்தளம் போடுவதானால் ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம் கணக்கு. ஆறு அங்குல நிலைக்கு இருபுறமும் ஆறாறு அடி வேண்டும். அவ்வளவு இடமில்லாத வாசலில் நிலையின் இருபக்கமும் அதே உயரத்துக்கு அகலமான, ஆடாத மேடை போட்டு, அதை ஒரு ஏற்றமும் ஒரு இறக்கமுமாக ஆக்கிவிடலாம். மேடை முழு வாக்கரும் ஆளும் நிற்கும் அகலம் இருக்க வேண்டும்.

ஆத்தங்குடிக் கல் காய்ந்திருக்கும்போது பயமில்லை. ஈரமோ எண்ணெயோ பட்டால் கண்ணாடி. வீடு துடைப்பது ஆச்சி உட்கார்ந்திருக்கும் நேரத்தில் நடக்கட்டும், காய்ந்த பிறகே எழட்டும். எண்ணெய்க் குளியலைப் புண் முழுதும் ஆறும்வரை தள்ளிப் போடுங்கள், பிறகும் பாதத்தில் எண்ணெய் வேண்டாம். வீட்டுக்குள் செருப்பு போடும் வழக்கமில்லை என்பார்கள். உள்ளே மட்டும் போட ரப்பர் அடியுள்ள, பின்வார் வைத்த ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்துவிடுங்கள். மழைநாளில் முற்றத்தின் கல்விளிம்பில் நடப்பதைத் தடுக்கத் தூணுக்குத் தூண் ஒரு கயிறு கட்டினால் போதும்.

சாய்வு நாற்காலி நம் வீடுகளில் மரியாதைக்குரிய இருக்கை, ஆனால் அறுவைக்குப் பிந்தைய நாள்களுக்கு ஆகாது. தாழ்வாக, முழங்காலைப் பாதி மடக்கியே வைத்திருக்கும். ஊஞ்சலில் உட்காரும்போது பலகை பின்னே நழுவும். உட்காரும் பலகை முழங்கால் உயரத்துக்குக் குறையாத, கைப்பிடியுள்ள கெட்டி நாற்காலிதான் சரி. பந்தியில் தரையில் அமர்வதும், அம்மியடியில் குந்துவதும், குந்திக் கோலமிடுவதும் வேண்டாம். ஆழ மடக்கும்போது உலோகம் தட்டின் பின்விளிம்பில் ஏறி நெம்பும். மடக்குத் தளர்ச்சி சிறிதளவு இருந்தாலும் அங்கேதான் அது பெரிதாகும்.

குன்றக்குடி மலைப்படியை மூன்று மாதம் கழித்து, கைப்பிடி பிடித்து, மேலே சொன்ன கால் முறைப்படி ஏறலாம். இறங்குவதுதான் கடினம் என்பதை நினைவில் வைத்து, பாதியில் உட்கார்ந்து இளைப்பாறி இறங்குங்கள். தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடப்பவர்கள் முதல் ஆண்டு நடைப்பயணத்தை விட்டுவிட்டு வண்டியில் போய்த் தரிசித்து வரட்டும். நடை நல்லதுதான், நாள்கணக்கில் சோர்ந்த தசையோடு நடப்பதுதான் மூட்டுக்கு ஆகாது.

எந்தக் கோளாறு எப்படித் தெரியும்

லேசான டக் டக் சத்தம் உலோகமும் பிளாஸ்டிக்கும் தொடுவது. தழும்பின் வெளிப்பக்கம் மரத்திருப்பது, சில மாதம் மூட்டு கதகதப்பாக இருப்பது, இவையும் வழக்கமே.

படியிறங்கும்போது நம்பிக்கையின்மையும், நடந்த நாளெல்லாம் திரும்பத் திரும்ப வீக்கமும் சேர்ந்து வந்தால் மடக்குத் தளர்ச்சியைச் சந்தேகிக்க வேண்டும். காலை ஊன்றும்போது பக்கவாட்டில் விலகினால் பக்க நார். சில வருடம் நன்றாக இருந்துவிட்டு, எழுந்து முதல் சில அடி வைக்கும்போது வலி வரத் தொடங்கினால், அல்லது நேராயிருந்த கால் மறுபடி வளைவதுபோல் தெரிந்தால், பிடிப்பு கழல்வதோ தட்டு தேய்வதோ காரணமாகலாம். சிவப்பு, சூடு, நீர் கசிவு, காய்ச்சல் வந்தால் அன்றே ஆஸ்பத்திரி. கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள். மூட்டு நீரை எடுத்துச் சோதிக்கும்போது கிருமி மறைந்துகொள்ளும். கெண்டைக்கால் வீங்கி மூச்சு வாங்கினால் இரத்தக்கட்டி, அப்போது 108 தான்.

தளர்ச்சி லேசானதென்றால் மூன்று முதல் ஆறு மாதம் முன்தொடை, பின்தொடை, இடுப்புத் தசைப் பயிற்சியிலேயே அடங்கலாம். அடங்காவிட்டால் முழுக்கால் படம், காலை இருபுறமும் தள்ளி எடுக்கும் படம், சிடி, இரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்த பிறகே மறு அறுவை. காரணம் தெரியாமல் தட்டை மட்டும் கனமாக மாற்றினால் பழைய தொல்லையே திரும்பும்.

ஆறு வாரம், ஒரு வருடம், பிறகு ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை படம் எடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிட வேண்டும். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, பெரிய வீட்டில் ஐயாவும் ஆச்சியும் மட்டும் இருக்கும்போது இதுதான் விட்டுப்போகிறது. வெளியூரில் இருப்பவர்கள் மாதம் ஒரு வீடியோ கேளுங்கள். போனை முழங்கால் உயரத்தில் நிலையாக வைத்து, சேலையோ வேட்டியோ முழங்காலுக்கு மேலே இருக்க, எதிரே பத்து அடி, முதுகு காட்டிப் பத்து அடி, பக்கவாட்டில் பத்து அடி, பின் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது, ஒரு படி இறங்குவது. ஒவ்வொன்றையும் தேதியோடு சேமித்து வைத்து, மருத்துவரைப் பார்க்கும் நாளில் முதல் மாதத்து வீடியோவையும் கடைசி மாதத்து வீடியோவையும் அடுத்தடுத்துக் காட்டுங்கள்.